மேரியின் நிலத்துக்கு நான் பூசிய மஞ்சள்

அந்தப் படத்தின் பின்பக்கத்து மூலையில் இருப்பது கறை இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா தெம்பனிஸில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். பழைய தாள்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கையில் நீளமாக ஒரு சுருள் வைத்திருந்தார். எப்போதோ மூடிவிட்ட ஒரு தமிழ்ப் பள்ளியிலிருந்து கிடைத்த உலகப் படமாம். அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் இருந்ததால், அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தார்.

அவருக்கு இரண்டு சந்தேகங்கள். படத்தின் இடது பக்கம் அடி ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டுப் போட்டிருக்கிறது. கிழியாத இடத்தில் எதற்கு ஒட்டு? இரண்டாவது, பின்பக்கத் துணியின் மூலையில் பழுப்பாக ஒரு கறை, அதை எடுத்துவிடலாமா?

"எடுக்காதீங்க" என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க இரண்டு கோப்பி குடிக்கிற நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு, "இதை நீங்களே எழுதிக் கொடுங்க அம்மா" என்று சொல்லிப் போனார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதுவது அதைவிட மெதுவு. என் மகள் சரசு பிழை திருத்தித் தருகிறேன் என்றதால் உட்கார்ந்தேன். அவள் திருத்தியது எழுத்தை மட்டும்தான். சங்கதி முழுக்க என்னுடையது.

நான் பார்த்த வேலை உலகத்துக்குச் சாயம் பூசுவது. கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் வேலை.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கீழே அச்சகம், மேலே எங்கள் படமேசை. தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழில் பெயர் போட்ட உலகப் படம் வேண்டும். கொஞ்சம் படங்களுக்காக ஏழு நிறத்தில் அச்சடித்தால் கட்டாது. அதனால் கீழே கறுப்புக் கோடும் பெயரும் மட்டும் அச்சடிப்பார்கள். நிறத்தை மேலே நாங்கள் கையால் பூசுவோம். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, சரசுவுக்கு மூன்று. பஃபலோ ரோட்டில் ஒரு மாடியில் பக்கத்து அறையில் இருந்த பாக்கியம் அக்காதான் என்னைக் கூட்டிப் போனார். அவர் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தார்.

முதல் ஒரு வருடம் பசை காய்ச்சினேன். மைதா மாவு, தண்ணீர், பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். பலகையில் துணியை நனைத்து இழுத்து ஆணி அடிக்க வேண்டும். ஒரு படம் நாலு தாளாக அச்சாகி வரும்; அந்த நாலு தாளையும் ஈரமாக்கி, பசை தடவி, ஒன்றோடு ஒன்று கோடு சேரும்படி ஒட்ட வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் என் கையில் பூச்சுத் தூரிகையைக் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் தம்பிராசா ஐயா. எங்கள் மேசைக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவைப் படங்கள் வரைந்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்தவர். காத்தோங்கிலிருந்து பஸ் ஏறி வருவார். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில் திருநீறு நெற்றியில் அழியாமல் இருக்கும். வெள்ளைக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை. காலையில் அவர் பேசும் முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு வாரும்." கழுவிவிட்டு வந்தேன் என்று சொன்னாலும், "இன்னொருக்கால் கழுவும்" என்பார்.

படத்தை அவர் விரலால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. உடைந்த குடையிலிருந்து எடுத்த ஒரு கம்பிதான் அவருக்குச் சுட்டுகோல். திட்டவும் மாட்டார். ஒரு சிகரெட் டின் நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பார். நாங்கள் முடித்து வைத்த படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, பிழை இருக்கும் இடத்தில் ஒரு கொட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாமே குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திவிட்டுக் கொட்டையைத் திரும்ப டின்னில் போட வேண்டும். ஆரம்பத்தில் என் படம் புளிக்குழம்பு கொட்டின மாதிரி இருக்கும். மூன்றாம் வருடத்தில் சில நாள் ஒரு கொட்டைகூட விழாது. அந்த நாட்களில் நான் வீட்டுக்கு நடந்து போகிற நடையே வேறு என்று பாக்கியம் அக்கா சொல்வார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பதற்கு ஐயா ஒரு வழி செய்திருந்தார். ஒவ்வொரு சாயக் கிண்ணத்துக்கும் ஓர் எண். சுவரில் ஒரு மாதிரிப் படம். அதில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கிண்ணத்தின் எண் எழுதியிருக்கும். ஒன்று சிவப்பு, அது வெள்ளைக்காரன் ஆண்ட இடமெல்லாம். நாலு மஞ்சள், அது அமெரிக்கா. இப்படியே. எண் பார்த்துப் பூசினால் போதும். பூசிப் பூசி அந்தப் பெயர்களின் எழுத்தும் மெல்ல எனக்குப் பிடிபட்டது. 'அ' என் மனதில் பதிந்தது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அரபு நாட்டில்தான்.

படத்தின் அடியில், சேலைக்குக் கரை பிடித்த மாதிரி, தென் துருவக் கண்டம் நீளமாக ஓடும். அதைப் பல நாடுகள் துண்டு துண்டாகத் தங்களுடையது என்று சொல்லி வைத்திருந்தன. அதனால் அங்கேயும் வட்டங்கள், எண்கள். ஆனால் இடது பக்கம் ஒரு பெரிய துண்டில் மட்டும் வட்டம் இருக்கும், உள்ளே எண் இருக்காது.

ஒரு நாள் கேட்டேன். "ஐயா, இதுல எண் போட மறந்துட்டீங்களா?"

"மறக்கேல்லைப் பிள்ளை. அதை ஒரு நாடும் தன்ர எண்டு கேக்கேல்லை. அதால எண் இல்லை. தாளை அப்பிடியே விடும்."

"இவ்வளவு பெரிய இடத்தை யாரும் கேக்கலையா?"

"எட்ட நிண்டு பாக்கத்தான் ஏலும். கரை முழுக்கப் பனிக்கட்டி, கப்பல் கிட்டப் போகேலாது. உள்ளுக்கும் பனிதான். மரம் இல்லை, மனுசர் இல்லை. ஒரு அமெரிக்கர் ஆகாயத்தால போய்ப் பாத்திட்டுப் பேர் மட்டும் வைச்சவர்."

பெயரை நான் கூட்டிப் படித்தேன். மே-ரி பேர்ட் நிலம்.

"அது யாருங்க ஐயா மேரி?"

"அவரின்ர மனிசி."

மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா திரும்பினார். "அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினாராமா?"

"இல்லைப் போல."

"நல்லா இருக்கு கதை. பொண்டாட்டி பேருல நிலமாம், அந்த நிலத்துல அவ கால் வைக்கலையாம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். தேக்கா மார்க்கெட்டுல கோழிக்கடை போட்டு என் பேரு வச்சாரு. ஒரு கோழி எனக்கு வரலை, லா."

ஐயா சிரிக்கவில்லை. ஆனால் குடைக்கம்பி கொஞ்சம் ஆடியது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். படம் முடிந்து மேலும் கீழும் கட்டை பொருத்தியதும், பாக்கியம் அக்கா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, பின்பக்கத் துணியின் மூலையில் விரலால் ஒரு பொட்டு வைப்பார். புதுத்துணிக்கு வைப்போமே, அது மாதிரி. பிள்ளைகள் படிக்கப் போகிற இடத்துக்குப் போகிற சாமான், வெறுமனே போகக் கூடாது என்பார். ஐயா வை என்றும் சொன்னதில்லை, வைக்காதே என்றும் சொன்னதில்லை. பாக்கியம் அக்கா மஞ்சள் கிண்ணத்தை எடுத்ததும் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். வெள்ளைச் சேலைக்காரி. போ என்று யாரும் சொன்னதில்லை. நில் என்றும் யாரும் சொன்னதில்லை.

சரசுவுக்கு ஏழு வயது ஆன வருடம் அறுபது படங்களுக்கு ஆர்டர் வந்தது. பல தமிழ்ப் பள்ளிகள் சேர்ந்து கேட்டிருந்தார்கள். எல்லோர் சார்பிலும் நடேசன் என்ற தலைமையாசிரியர் பொறுப்பு. பள்ளி திறக்கும் முன் படம் கைக்கு வர வேண்டும். ஒரு படம் சரசு படிக்கிற வகுப்புக்கே போக இருந்தது. முதலாளி மாடிக்கு ஏறி வந்து சொன்னார்: "இது ஒழுங்கா போனா மேசை நிக்கும். ஒரு படம் திரும்பி வந்தாலும் மேசையைத் தூக்கிட்டு இங்க தாள் அடுக்கிடுவேன். கையால பூசற காலம் இல்ல இது." மேசை போனால் ஐயாவுக்கு வீடு இருந்தது, அக்காவுக்குக் கோழிக்கடை இருந்தது. எனக்கு அந்த மேசைதான்.

மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் பூசினோம். மழைக்காலம், சாயம் காயவே மாட்டேன் என்றது. பாதி வேலையில் ஐயாவுக்குக் குடல்வால் ஆப்பரேஷன் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பிறகு பாக்கியம் அக்காவின் மகளுக்கு ஜொகூரில் பிரசவ வலி கண்டுவிட்டது. "ரெண்டு நாள்ல வந்துடறேண்டி பவளம்" என்று போனவர் பத்து நாள் வரவில்லை. நான் ஒருத்தியாக மீதியையும் பூசி முடித்தேன். அறுபது படம். ஒரு கோடு தாண்டவில்லை. இப்போதும் அதைச் சொல்லும்போது எனக்கு முதுகு நிமிர்கிறது.

திங்கட்கிழமை படம் போக வேண்டும். புதன்கிழமை மத்தியானம் கட்டை பொருத்துவதற்காக ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அப்போதுதான் நினைவு வந்தது. மஞ்சள் யார் வைப்பது? அக்காவைக் காணோம். நான் வைக்க முடியாது. என் பிள்ளை தலைக்கு மேலே தொங்கப்போகிற படத்துக்கு நானே போய் என் கையால் வைப்பதா என்று உடம்பு கூசியது. வைக்காமல் அனுப்பவும் மனம் வரவில்லை.

கீழே குனிந்து பார்த்தேன். படத்தில் எல்லா இடமும் நிறத்தோடு இருக்கிறது. அந்த மேரியின் நிலம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர், அதற்கு ஒரு நிறம் இல்லை. பக்கத்தில் நாலாம் கிண்ணத்தில் மிச்ச மஞ்சள் இருந்தது. துணியில் வைத்தால்தானே குற்றம், இது வேலைதானே என்று ஒரு சமாதானம் வந்தது. அது நாலாம் எண் கிண்ணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று அது எனக்கு எண்ணாகத் தெரியவில்லை, மஞ்சளாகத் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் அறுபது படத்திலும் அந்த நிலத்துக்கு மஞ்சள் பூசிவிட்டேன். மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பாக்கியம் அக்கா பேரன் பிறந்த இனிப்போடு வந்தார். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் மெதுவாக ஒரு காலடிச் சத்தம். தம்பிராசா ஐயா. வயிற்றைக் கையால் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். இன்னும் பத்து நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்களாம். "படம் பாக்காமல் அனுப்பேலாது" என்றார்.

நான் முதல் படத்தை விரித்தேன். குடைக்கம்பி மேலிருந்து இறங்கி வந்தது. ஐரோப்பா, ஆசியா, நம் ஊர், ஆஸ்திரேலியா, எல்லாம் தாண்டி அடியில் வந்து நின்றது. ஒரு புளியங்கொட்டையை எடுத்து மேரியின் நிலத்தில் வைத்தார். அடுத்த படம். அதே இடத்தில் ஒரு கொட்டை. அடுத்தது. நாற்பதோ என்னவோ படம் ஆனதும் கையை டின்னுக்குள் விட்டார். கொட்டை தீர்ந்துவிட்டது. டின்னை மெல்லக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்டுபிடிக்க எனக்கு இந்த முறை குனிய வேண்டியிருக்கவில்லை.

"வெறுமனே இருந்துச்சுங்க ஐயா" என்றேன்.

"அது வெறுமனே இருக்கத்தான் வேணும் பிள்ளை. நீர் அதை அமெரிக்காவுக்குக் குடுத்திட்டீர். அவையளே இன்னும் கேக்கேல்லை."

பாக்கியம் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடியே பவளம்! ராஜா ராணி எல்லாம் சண்டை போட்டுத் துண்டு போடற இடத்தை ஒரு மத்தியானத்துல தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கியே!"

சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் மேசையைத்தான் முதலில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வெள்ளைப் பெயிண்ட்டை அடிச்சு மூடுங்க. அனுப்பிடலாம்."

"அது சரிவராது முதலாளி" என்றார் ஐயா. "வெள்ளை அடிச்சா அதுவும் ஒரு நிறம். நாங்கள் ஒண்டைக் குடுத்ததாத்தான் இருக்கும். அதுக்கு வெறும் தாள்தான் வேணும்."

"அப்ப புதுசா அடிக்கணும். அச்சுத் தகட்டை அழிச்சு வேற வேலைக்குப் போட்டாச்சே."

"திங்கக்கிழமை வரைக்கும் எங்களை விடுங்கோ."

முதலாளி என்னைக் காட்டி, "இவளை?" என்றார்.

"இவவின்ர கை இல்லாமல் முடியாது" என்றார் ஐயா. அவ்வளவுதான். எனக்காக அவர் வாதாடவில்லை. ஒரு வேலைக்கு என்ன தேவையோ அதைச் சொன்ன மாதிரி சொன்னார். அதனால்தான் முதலாளியால் மறுத்துப் பேச முடியவில்லை என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

அச்சில் மை தீற்றியதால் கழித்துப்போட்ட தாள்களைக் கட்டி வைத்திருந்தோம், சாமான் சுற்றுவதற்கு. ஐயா அந்தக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். இடது அடித் தாளாக இருந்து, அந்த மூலை மட்டும் சுத்தமாக இருப்பதைப் பொறுக்கினோம். நாற்பத்தொன்று கிடைத்தது.

கண்ணாடிப் பலகையில் கழிவுத் தாளை வைத்து, மேரியின் நிலத்தைக் கோட்டோடு கோடாக பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய துண்டைக் கவிழ்த்து, ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும், ஓரம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிற வரைக்கும். நடுவில் தேய்க்கக் கூடாது. தண்ணீராகக் கரைத்த பசையை ஒரே இழுப்பில் தடவி, இடுக்கியால் தூக்கி, பழைய இடத்தின் மேல் கடற்கரைக் கோடு சேரும்படி இறக்க வேண்டும். மேலே மெல்லிய தாளைப் போட்டு எலும்புக் கத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடி குடைக்கம்பியால் காட்டினார். "உதிலை காத்து நிக்குது. ஓம், உதிலைதான். அவசரப்படாதையும்." பாக்கியம் அக்கா வெட்டினார், நான் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் மே-ரி என்ற எழுத்து நேராக உட்கார்ந்ததா என்று பார்ப்பேன்.

மீதிப் பத்தொன்பது படத்தைக் கழுவினோம். சுத்தமான தூரிகையில் தண்ணீரை ஏற்றி அந்த இடத்தில் மட்டும் விட்டு, பத்து எண்ணி, மை உறிஞ்சும் தாளால் அழுத்த வேண்டும். தேய்த்தால் தாள் பஞ்சாகிவிடும். மூன்று முறை. மஞ்சள் போய்விட்டது, ஆனால் முழுக்கப் போகவில்லை. பழைய வேட்டியின் நிறத்தில் ஒரு சாயல் நின்றது.

சனிக்கிழமை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஐயா கேட்டார், தலையைத் தூக்காமலே: "மூண்டு வருசமா வெறுமனே விட்டனீர். இந்த முறை மட்டும் ஏன் பிள்ளை?"

பாக்கியம் அக்காவும் பக்கத்தில் இருந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். அக்கா இல்லை, என்னால் மஞ்சள் வைக்க முடியாது, சரசு வகுப்புக்கும் ஒரு படம் போகிறது, அதனால் இப்படி என்று. அக்காவின் பிளேடு நின்றது. ஐயா, "அடுத்ததை எடும்" என்றார்.

சுவரில் மாதிரிப் படத்துக்குப் பக்கத்தில் ஐயா எழுதிய வேலைமுறைத் தாள் ஒன்று தொங்கும். பசைக்கு எவ்வளவு மாவு, துணியை எவ்வளவு நேரம் நனைப்பது, தூரிகையை யார் கழுவுவது என்று வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிப் படத்துக்கும் கட்டை பொருத்தி முடிந்ததும் ஐயா எழுந்து போய், அந்தத் தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு, "பிள்ளை, வாசியும்" என்றார்.

நான் கிட்டப் போய்க் கூட்டினேன். ம-ஞ்-ச-ள். அது தெரிந்தது. பிறகு வை-ப்-ப-வ-ர். பிறகு நின்றேன். ஐயா காத்துக்கொண்டிருந்தார். அக்கா உதவிக்கு வாயெடுத்தபோது குடைக்கம்பியால் தடுத்தார். வேர்த்துவிட்டது எனக்கு. ஒரு வழியாக முழுவதும் வந்தது.

மஞ்சள் வைப்பவர்: படத்தை முடித்தவர்.

நான் முதன்முதலாக முழுதாக வாசித்த வாக்கியம் அதுதான். அதற்கு மேலே துணி நனைக்கும் நேரமும், கீழே வெறும் தாளும். மற்ற விதிகளைப் போல அதுவும் ஒரு விதி, அவ்வளவுதான் என்கிற மாதிரி ஐயா பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருடம் அது அவர் உரிமை. அவரும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வந்து என் முன்னால் நீட்டினார்.

"சட்டம் போட்டாச்சு, லா. நான் என்ன செய்ய? அறுபது இருக்கு, சீக்கிரம் வை. அப்புறம் கை வலிக்குதுன்னு என்கிட்ட வராதே."

எப்படி வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அக்கா மோதிர விரலால் தொட்டு வைப்பார். எனக்குத் தாளில் அழுத்திப் பழக்கம் கட்டைவிரல்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் மை தடவி அதைத்தான் அழுத்தச் சொல்வார்கள். முதல் படத்தின் மூலையில் கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்து அழுத்திவிட்டேன்.

"அடியே, இது என்ன, கைநாட்டா?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் கீழே அச்சு ஓட்டுகிறவர் மேலே எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அறுபதையும் கட்டைவிரலாலேயே வைத்து முடித்தேன்.

திங்கட்கிழமை வேனில் படங்களை ஏற்றியபோது ஐயா என்னையும் வரச் சொன்னார். அடுக்கும்போதே, "கழுவின பத்தொன்பதையும் மேலே வையும். முதல்ல பிழையைக் காட்டுவம்" என்றார். அடியில் வைத்தால் தெரியாமலே போய்விடுமே என்று நான் நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியர் நடேசன் கட்டை குட்டையான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். முதல் படத்தை விரித்ததும் அடி ஓரத்தில் கண் போய்விட்டது.

"இது என்ன மஞ்சள் மாதிரி அடிக்குது? அமெரிக்காவுக்கா?"

"இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. பிழை எங்கட மேசையில நடந்தது" என்றார் ஐயா.

"மேசையில யாரு?"

ஐயா வாயைத் திறக்கவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதே புளியங்கொட்டை வழக்கம். என் இடத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"நான்தாங்க" என்றேன். "பேரு இருந்துச்சு, நிறம் இல்ல. மனசு கேக்கலை, பூசிட்டேங்க. தப்புத்தான்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு ஒட்டுப் போட்ட படம் ஒன்றை விரித்து, வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்தார். ஓரம் அவர் விரலுக்குத் தட்டவில்லை. எனக்குத் தெரியும் தட்டாது என்று.

"நான் இருபது வருஷமா பாடம் நடத்தறேன்" என்றார். "இந்த இடம் யாருதும் இல்லைன்னு ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்ல. எனக்கே கவனம் போகலை." பிறகு ஐயாவிடம் கேட்டார். "ஒரு சின்னச் சீட்டு அச்சடிச்சு ஓரத்துல ஒட்டித் தர முடியுமா? 'இப்பகுதி எந்த நாட்டுக்கும் உரியதன்று' அப்படின்னு. அறுபதுலயும். அப்போ அந்தச் சாயல் இருந்தாலும் பாதகமில்ல. பிள்ளைங்க கேட்டா சொல்லிக்கலாம்."

"இண்டைக்குப் பின்னேரமே தாறம்" என்றார் ஐயா.

ஒரு படமும் திரும்பி வரவில்லை. மேசை நின்றது. அந்த மேசையில் நான் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தேன். சிவப்புக் கிண்ணம் வருடத்துக்கு வருடம் காலியாகாமல் மிஞ்ச ஆரம்பித்ததையும், புதுப்புது நாடுகளுக்குப் புதுக் கிண்ணம் கேட்டு எண்கள் கூடியதையும் பார்த்தேன். மலேசியாவோடு சேர்ந்தபோது நம் ஊருக்கு அந்த நிறம், பிரிந்தபோது வேறு நிறம். ஊசி முனை அளவு இடம். இரண்டு தடவையும் பூசியது என் கைதான். இரண்டாம் தடவை ஐயா மேசைக்கு வந்து நின்று பார்த்தார். கொட்டை வைக்கவில்லை.

தென் துருவத்தைப் பற்றி நாடுகள் எல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவரே வந்து சொன்னார். "இனிப் புதுசா ஒருத்தரும் தன்ர எண்டு கேக்கேலாது பிள்ளை. உம்மட மேரி அப்பிடியே இருப்பா." உம்மட என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

தம்பிராசா ஐயாவும் இப்போது இல்லை, பாக்கியம் அக்காவும் இல்லை. படிக்காத ஒருத்தியின் பிழைக்கு ஒருவர் ஒரு வரி எழுதினார், ஒருவர் தன் கிண்ணத்தை நீட்டினார். அந்த இரண்டு பேருக்கும் நான் நேரில் நன்றி என்று சொன்னதில்லை. நம் ஆட்கள் அப்படிச் சொல்லிப் பழக்கமும் இல்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வந்திருந்த அம்மாவிடம் இதைச் சொல்லி முடித்ததும், அவர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, துணியின் மூலையில் இருந்த பழுப்பு அடையாளத்தின் மேல் வைத்தார். வட்ட வட்டமாக ரேகை தெரிந்தது. "உங்க விரலைக் காட்டுங்க" என்று என் கட்டைவிரலையும் பிடித்துப் பார்த்தார். பசையும் உப்புத்தாளும் பிடித்த விரல், வழவழவென்று இருந்தது. அடையாள அட்டைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வார்கள், பதியாது.

"இதுல ஒண்ணுமே தெரியலையே அம்மா" என்றார்.

"அங்க இருக்குல்ல" என்றேன்.